நேராகப் போக ரெண்டு விளக்கு

“எந்த முட்டாள் உனக்கு டிரைவிங் சொல்லிக் குடுத்தான்?”

நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கத்திய கத்தல் இது. வலது மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, புண்ணியம். என் ஸ்கூட்டர் இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

திருச்சி மன்னார்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கிளைத்தெரு மெயின் ரோட்டில் வந்து சேருகிற இடம். காலை பத்தரை இருக்கும். என்னை இடித்த கார் கை எட்டும் தூரத்தில் நின்றது. அதன் கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

யாராயிருந்தால் எனக்கென்ன? எனக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டேன். “லெஃப்ட் இண்டிகேட்டரைப் போட்டுட்டு நேரா வர்றியே, அறிவிருக்கா? லைசென்ஸ் எடுத்தியா, கடையில வாங்கினியா?”

கார் கதவு திறந்தது. முதலில் ஒரு கால் வெளியே வந்தது. பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ. அதைப் பார்த்ததுமே என் வாய் மூடிக்கொண்டது. செருப்பு பெடலில் வழுக்கும், ஷூ வாங்கிப் போடுங்கள் என்று சொன்னதே நான்தான்.

“ஐயோ பெருமாளே! மேடம்! நீங்களா?”

கோமளா மாமி. என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கிய ஸ்ரீரங்கத்துக் கோமளா மாமி.

“மாமி, லெஃப்ட் போட்டீங்களே மாமி…” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“லெஃப்ட் போடலையே மேடம்! நான் நேராத்தானே போறேன்? அதான் ரெண்டு பக்கமும் போட்டேன். நீங்க சொன்னேளே!”

திரும்பிக் காரைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்ததால் அதன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. இடது ஓரத்து மஞ்சள் விளக்கும் வலது ஓரத்து மஞ்சள் விளக்கும் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன. மறுபடி எரிந்தன.



அந்த முட்டாள் யார் என்றால்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பிலோமினா. திருச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இடது சீட்டில் உட்கார்ந்து, காலடியில் எனக்கென்று ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை நான்தான் ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொள்வேன். போன வாரங்களில் அப்படி நிறையப் பெருமையடித்தாயிற்று. இந்த வாரம் அதற்கு வழியில்லை.

என் ஸ்கூல் சுவரில் நானே பெயிண்ட் வாங்கி எழுதிவைத்த மூன்று வரிகள் உண்டு. வலது போக வலது. இடது போக இடது. நேராகப் போக ரெண்டும்.

பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! மூன்று திசைக்கு மூன்று சைகை. எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒரு பழைய லாரி டிரைவர். அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. ரோட்டில் எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். எல்லோரும் செய்கிற ஒன்றைத் தப்பு என்று யாருக்குத் தோன்றும்?

நேராகப் போகிறவன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்பு முக்கோணப் பட்டனை அமுக்க வேண்டும். நாலு மூலையும் மினுக்கும். சந்திப்பைத் தாண்டியதும் அணைக்க வேண்டும். அமுக்க மறந்தவர்கள் தலையில் நான் குட்டியே இருக்கிறேன். ஒரு பேங்க் மேனேஜர் தலையில்கூட.

யாருக்காக எரிகிறது

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்று கேட்பேன். “பிரேக் அமுக்கினால் பின்னால் சிவப்பாக எரியுமே, உங்கள் வண்டியில் அது எரிந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” திருதிருவென்று முழிப்பார்கள். பார்த்திருக்கவே முடியாது. கால் பிரேக்கில் இருக்கும்போது கண் எப்படிப் பின்னால் போகும்?

காரின் வெளி விளக்குகளில் ஓட்டுகிறவருக்காக எரிவது ஹெட்லைட்டும், பின்னால் எடுக்கும்போது எரிகிற வெள்ளை விளக்கும்தான். மற்றதெல்லாம் அடுத்தவருக்காக. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, ஓரங்களில் மஞ்சள். இருட்டில் தூரத்திலிருந்து பார்க்கிறவன், வண்டி வருகிறதா போகிறதா, நிற்கப் போகிறதா திரும்பப் போகிறதா என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். அது ஒரு பேச்சு. நாம் பேசுகிறோம், அடுத்தவர் கேட்கிறார்.

இதை நான் வாய் கிழியச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பிக்கொண்டு வந்த ஒருவரை, அங்கேயே இறக்கித் துடைக்க வைத்திருக்கிறேன். “சாமி கோச்சுக்கும் மேடம்” என்றார். “எதிர்ல வர்றவன் கோச்சுக்கவே மாட்டான், வந்து மோதிருவான்” என்றேன்.

துறையூர் ரோட்டில் லாரிக்குப் பின்னால் போயிருக்கிறீர்களா? முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டரைப் போடும். அவர் வலது பக்கம் திரும்புகிறார் என்று அர்த்தமா, “ரோடு காலி, நீ தாண்டிப் போ” என்று அர்த்தமா? இரண்டும் உண்டு. எது என்று லாரிக்காரருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஒரே விளக்கு, ரெண்டு அர்த்தம், நடுவில் நம் உசிர். இதைச் சொல்லி நான் வகுப்பில் லாரிக்காரர்களைத் திட்டித் தீர்ப்பேன். என் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் பார்த்தது இதுதான்

அன்றைக்கு நான் அந்தக் கிளைத்தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறக் காத்திருந்தேன். வலது பக்கத்திலிருந்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஷேர் ஆட்டோ, அதை ஒட்டி ஒரு வெள்ளைக் கார்.

நான் நின்ற இடத்துக்குக் காரின் இடது பக்கம் தெரிந்தது. இடது கண்ணாடியில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. வலது ஓரத்தை முன்னால் வந்த ஆட்டோ மறைத்திருந்தது. அவ்வளவுதான். இடது பக்கம் மினுக்குகிற கார் என்ன செய்யும்? நான் நிற்கிற தெருவுக்குள் திரும்பும். என் குறுக்கே வராது.

ஆட்டோ கடந்தது. நான் ஆக்சிலரேட்டரைத் திருகினேன். காரை இன்னொரு தரம் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சொல்லிவிட்டதே, திரும்பப் போகிறேன் என்று!

வண்டி பழுதாகி நின்றால் போடுகிற அபாய விளக்கு என்று காரில் தனியாக ஒரு விளக்கு கிடையாது. இதுதான் விஷயமே. சிவப்பு முக்கோணத்தை அமுக்கினால் எரிவது அதே இண்டிகேட்டர் பல்புகள்தான், இரண்டு பக்கமும் சேர்ந்து எரியும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறவனுக்குத்தான் அது வேறு செய்தி. ஒரு பக்கம் மட்டும் கண்ணில் படுகிறவனுக்கு அது வெறும் இண்டிகேட்டர். நின்றுபோன வண்டியென்றால் பரவாயில்லை, அது எங்கேயும் போகாது. ஓடுகிற வண்டியில் போட்டால் இடது பக்கம் நிற்கிறவனிடம் இடது என்றும், வலது பக்கம் நிற்கிறவனிடம் வலது என்றும் ஒரே நேரத்தில் இரண்டு பொய். பெரும்பாலான வண்டிகளில் அது எரிந்துகொண்டிருக்கும்வரை, நிஜமாகவே திரும்ப நினைத்தால் சொல்லக்கூட வழியில்லை.

இருபது வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு இது உறைக்க ஒரு எலும்பு முறிய வேண்டியிருந்தது.

கூட்டம் பேசியது, நான் பேசவில்லை

நம் ஊரில் ஆக்ஸிடென்ட் என்றால் நீதிபதிகளுக்கா பஞ்சம்? ஒரே நிமிஷத்தில் இருபது பேர்.

“வயசான காலத்துல இந்தம்மாவுக்குக் கார் எதுக்குங்க?”

“பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டரை மிதிச்சிருப்பாங்க.”

மாமி கும்பிட்டுக்கொண்டே நின்றார். “என் தப்புதான், என் தப்புதான், அவாளை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போங்கோ” என்று அழுதார். அந்தம்மா ஓட்டியது முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. நான் குறுக்கே வந்த அதே நொடியில் பிரேக் போட்டிருக்கிறார். இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

“அவங்க மேல தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவங்க செஞ்சாங்க.” ஒரு வரி. சொல்லியிருக்கலாம். வலி, மயக்கம் என்று என்னென்னவோ சாக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுவிட்டான். “இவங்க டிரைவிங் ஸ்கூல் மேடம்டா, இவங்களையே இடிச்சிருச்சு பாரேன்” என்றான். அதற்கப்புறம் என் வாய் திறக்கவில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது மாமியைத் திரும்பிப் பார்த்தேன். கார் விளக்குகளை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

புஸ்தகம் படித்த மாமி

கோமளா மாமிக்கு அறுபத்தொரு வயது. அவர் கணவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. கார் ஷெட்டில் கிடந்தது. விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு விலை பேசினார்கள். மாமி நேராக என் ஸ்கூலுக்கு வந்து, “நான் ஏன் விக்கணும்? நானே ஓட்டறேன்” என்றார். வந்த அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மற்றவர்கள் காரோடு வருகிற புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். மாமி அதைப் பாராயணம் மாதிரி தினம் ஒரு அத்தியாயம் வாசித்தார். ஒருநாள் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்தார்.

“மேடம், இந்தச் சிவப்பு முக்கோணத்தை வண்டி நின்னு போனா மட்டும்தான் போடணும்னு இதுல போட்டிருக்கே? ஓடறச்சே போடப்படாதுங்கறான். நீங்க நேரா போறச்சே போடச் சொல்றேள்?”

வகுப்பில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், எனக்கு நன்றாக வேண்டும்.

“மாமி, அந்தப் புஸ்தகத்தை எழுதினவன் மன்னார்புரத்துல வண்டி ஓட்டியிருக்க மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு சந்திப்பில்கூட அவர் சிவப்பு முக்கோணத்தை அமுக்க மறந்ததில்லை.

கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சேசுவே, ஒரு மனுஷி சரியாகப் படித்துக்கொண்டு வந்து கேட்டாளே! கேட்டவளைக் கேலி செய்து, தப்பைக் கையில் கொடுத்து அனுப்பினேனே!

சாத்தமுது

என் வீட்டுக்காரர் அந்தோணி பொறுமைசாலி. அவரே கொதித்துப் போயிருந்தார். “அந்தம்மா மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போறேன் பிலோ. இன்னிக்கு உன் கை, நாளைக்கு யாரு கழுத்தோ” என்றார்.

“பாக்கலாம்” என்றேன். நாலு நாள் இப்படியே “பாக்கலாம்” என்று ஓட்டினேன்.

நாலாவது நாள் மாமி எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ரசத்தை அவர்கள் வீட்டில் சாத்தமுது என்பார்கள். மிளகு தட்டிப் போட்ட சாத்தமுதும், குழையப் பிசைந்த சாதமும் கொண்டு வந்திருந்தார்.

“இடது கையால சாப்பிட முடியுமோ, ஊட்டி விடட்டுமா?” என்றார். அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி உட்காரவில்லை. “ஆஸ்பத்திரியில சொல்லி, போலீஸ்லேர்ந்து போன் வந்தது. நாளைக்கு நீங்க வாக்குமூலம் குடுக்கறேளாமே. கேஸ் போட்டா போடட்டும். லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன். காருக்கு ஆள் வந்தாச்சு. இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்னு பெருமாள் சந்நிதியில சொல்லிட்டு வந்துட்டேன். உங்களைக் கொன்னுருப்பேனே மேடம்! தூங்கவே முடியலை.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் போட்டது தப்பு, போடச் சொன்னவள் நான், புத்தகத்தில் இருந்தது சரி, உங்கள் மேல் ஒரு துளி குற்றமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மாமி நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே நின்றார். பிறகு கேட்டார்.

“இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?”

“அங்கேயே. ரோட்டுலயே.”

“நாலு நாளா தெரியுமா?”

தூக்கு மூடியைப் பார்த்தபடி தலையாட்டினேன்.

“நாலு நாளா நான் கொலைகாரி மாதிரி நடுங்கிண்டு இருந்தேனே மேடம். ஒரு போன் பண்ணப்படாதா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தூக்கை அங்கேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அந்தோணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

வாக்குமூலம்

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதுகிறவர் ஒரு ஏட்டு, நாற்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

“சொல்லுங்க மேடம். அந்தம்மா அஜாக்கிரதையா வந்து இடிச்சுட்டாங்க, அவ்வளவுதானே? நானே எழுதிர்றேன், நீங்க இடது கையால ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

“இல்லைங்க. தப்பு என் மேல. நேரா போறதுக்கு ரெண்டு இண்டிகேட்டரும் போடச் சொல்லிக்கொடுத்தது நான். அதை எழுதுங்க.”

பேனாவைக் கீழே வைத்தார். “அதுல என்ன தப்பு மேடம்? நேரா போறதுன்னா ரெண்டும் போடணும்தானே? நானே அப்படித்தான் போடுறேன்.”

செய்த பாவத்தைச் சொல்லப் பாவ சங்கீர்த்தனத்துக்குப் போனவளிடம், இது பாவமே இல்லையே அம்மா என்று சாமியார் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்?

“எழுந்து வாங்க” என்றேன். எனக்கே தெரியும், ஸ்டேஷனில் பேசுகிற தொனி இல்லை அது. மாணவர்களிடம் பேசுகிற தொனி. அவரும் எழுந்து வந்துவிட்டார்.

வெளியே ஜீப் நின்றது. உள்ளே இருந்த டிரைவரிடம் சிவப்பு முக்கோணத்தை அமுக்கச் சொன்னேன். ஜீப்புக்கு முன்னால் ஒரு பைக்கை நகர்த்தச் சொல்லி, வலது ஓரத்தை மறைக்கிற மாதிரி ஒரு போலீஸ்காரரை அதன் பக்கத்தில் நிற்க வைத்தேன். ஏட்டைக் கூட்டிப்போய் ஜீப்பின் இடது பக்கம் நிறுத்தினேன்.

“இப்ப என்ன தெரியுது?”

“இண்டிகேட்டர்.”

“எந்தப் பக்கத்து இண்டிகேட்டர்?”

“லெஃப்ட்.”

“அப்ப ஜீப் எங்க போகப் போகுது?”

“லெஃப்ட்லதான் திரும்ப…”

பாதியில் நின்றுவிட்டார். ஜீப்பை ஒரு தரம் பார்த்தார். நகர்ந்து முன்னால் போய், இரண்டு விளக்கையும் பார்த்தார். மறுபடி இடது பக்கம் வந்து நின்று பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இது என் ஒரு கையைப் பற்றிய வெளுப்பு இல்லை என்று அப்போதே தெரிந்தது.

“என்னங்க?”

“போன வருஷம் ஒரு கேஸ் மேடம்” என்றார். மெல்ல, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். “ஒரு நர்ஸ் பொண்ணு. டியூட்டி முடிச்சு மொபெட்ல வந்துச்சு. சந்துலேர்ந்து ஏறினப்ப கார் அடிச்சிருச்சு. ‘கார் லெஃப்ட் போட்டுச்சு சார், அதனாலதான் ஏறினேன்’னு அந்தப் பொண்ணு படுக்கையில கிடந்துகிட்டே திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. கார்க்காரரு, நான் நேரா போறதுக்கு ரெண்டும் போட்டிருந்தேன்னாரு. பாத்தவங்களும் ஆமா, ரெண்டும் எரிஞ்சுதுன்னாங்க. அப்ப அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு…”

“பொண்ணு மேல தப்புன்னு எழுதிட்டீங்க.”

“நான்தான் மேடம் எழுதினேன். என் கையால.”

“அந்தப் பொண்ணு இப்ப?”

“ஒரு காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க.”

மாதாவே! ஜீப்பைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அணைக்கச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது. கேட்டுவிட்டேன். “அந்தக் கார்க்காரர் டிரைவிங் எங்க கத்துக்கிட்டாராம்?”

“அதை யாரு மேடம் கேட்டா?”

“பேரு?”

“சரவணன்னு ஞாபகம். ஊரு துறையூர் பக்கம்.”

உள்ளே போய், நான் சொன்னபடியே எழுதினார். “இதனால உங்க ஸ்கூலுக்குச் சிக்கல் வரலாம் மேடம்” என்று ஒரு தரம் மட்டும் சொன்னார். “எழுதுங்க” என்றேன். இடது கையால் போட்ட கையெழுத்து கோணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் இருந்தது. மாமி மேல் கேஸ் இல்லை என்று அவரே மாமிக்குப் போன் செய்து சொன்னார். மாமி கேட்டுக்கொண்டாராம். போனை வைத்துவிட்டாராம்.

நர்ஸ் பெண்ணின் கேஸை மறுபடி எடுக்க முடியுமா என்று அவர் மேலே எழுதியிருக்கிறார். என்ன ஆகும் என்று இதை எழுதுகிற வரை தெரியாது.

சரவணன்கள்

அங்கிருந்து நேராக ஸ்கூலுக்குத்தான் போனேன். பழைய அட்மிஷன் நோட்டுகளை எல்லாம் மேஜையில் பரப்பினேன். சரவணன் என்பது இந்த ஊரில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். என்னிடம் படித்தவர்களில் பதினோரு சரவணன் இருந்தார்கள். துறையூர் பக்கத்துச் சரவணன்கள் மூன்று பேர்.

மூன்று பேருமே அந்த ஆளாக இல்லாமல் இருக்கலாம். அவன் வேறு எங்கோ படித்திருக்கலாம். அதனால் என்ன? மற்ற ஸ்கூல்காரர்கள் வேறு என்ன சொல்லிக்கொடுத்திருக்கப் போகிறார்கள்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் ஆளா, இல்லையா? அது தெரிய வேண்டும்.

முதல் நம்பரைப் போட்டேன். உடனே எடுத்தார்.

“பிலோமினா பேசுறேன், டிரைவிங் ஸ்கூல்.”

“மேடம்! எப்படி இருக்கீங்க? நம்மள எல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களே! சொல்லுங்க மேடம், வண்டியிலதான் போயிட்டு இருக்கேன், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.”

ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வரவில்லை. போன வருஷம் ஆக்ஸிடென்ட் ஏதாவது நடந்ததா என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. கடைசியில், வகுப்பில் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

“ஒண்ணுமில்லைங்க, சும்மாதான். சந்திப்புல நேரா போறப்ப என்ன லைட் போடுவீங்க?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எவ்வளவு சந்தோஷமான சிரிப்பு!

“என்ன மேடம், டெஸ்ட் வைக்கிறீங்களா? ரெண்டு பக்கமும்! தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தீங்க, மறக்குமா? இந்தா, இப்பக்கூட ஜங்ஷன் வருது, போட்டுட்டேன். கேக்குதா மேடம்?”

கேட்டது. போனுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று தெளிவாகக் கேட்டது.

“அணைங்க!” என்று கத்தினேன். “சரவணன், அதை முதல்ல அணைங்க!”